எண்களின் வரலாறு – 14: மாத்தளைக் கட்டங்களும் கழித்தல் குறியும்

சென்ற இதழில், அட்டவணையின் ஒரு பத்தியை மேலிருந்து கீழாகக் கூட்டி அடியில் ஒரு தொகையை எழுதும் பழக்கம் காலனி அரசின் ஏடுகளில் எப்படி நிலைத்தது என்று பார்த்தோம். இந்த இதழில் அதன் மறுபக்கத்துக்கு வருகிறோம். ஒரே அமைப்புள்ள இரண்டு அட்டவணைகளை எதிரெதிரே வைத்து, ஒன்றின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் மற்றதன் அதே இடத்துக் கட்டத்தைக் கழிப்பது. கச்சேரி எழுத்தரும் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையும் பென்சிலால் செய்த இந்த வேலையை இன்று கணினி நிரலில் ஒரே ஒரு கழித்தல் குறி செய்துவிடுகிறது. இலட்சம் கட்டங்கள் இருந்தாலும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். வேலை இலகுவானதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அந்தக் குறியின் இரு பக்கமும் நிற்கும் கட்டங்கள் உண்மையிலேயே ஒன்றுக்கொன்று உரியவைதானா என்ற கேள்வியைக் கணினி கேட்பதில்லை. அதற்குப் பதில் சொல்லக்கூடியது வரலாறு மட்டுமே. மாத்தளை மாவட்டத்து மக்களைப் பற்றிக் கடந்த 180 ஆண்டுகளாக எழுதப்பட்ட எண்களை வைத்து இதைக் காட்ட முடியும். மலையகத் தமிழரின் வரலாற்றில் மிகக் கசப்பான சில வாதங்கள் இந்தக் கழித்தலின் மீதுதான் நிற்கின்றன.

முதலில் கருவியைப் பற்றிச் சுருக்கமாக. எண்களின் வரிசை ஒன்றை முழுமையாக எடுத்து, தனி எண்ணைப் போலவே கூட்டவும் கழிக்கவும் வேண்டும் என்று ஒழுங்கான குறியீடு வகுத்தவர் கனடாவில் பிறந்த கென்னத் ஐவர்சன். 1962இல் வெளிவந்த அவருடைய நூலின் தலைப்பின் முதலெழுத்துகளே பிறகு ஏபிஎல் என்ற மொழியின் பெயராயின. அந்த மொழியில் இரண்டு வரிசைகளின் நீளம் ஒத்துப்போகாவிட்டால், ஒரு பக்கம் ஒற்றை எண்ணாக இருந்தாலொழிய, நீளப் பிழை என்று அறிவித்துக் கணினி நின்றுவிடும். மேட்லாப், ஃபோர்ட்ரான் 90 ஆகியவை இதே வழியைத் தங்கள் பாணியில் எடுத்துக்கொண்டன. பைத்தான் மொழிக்கு 1995இல் ஜிம் ஹூகுனின் எழுதிய நியூமெரிக், பின்னர் டிராவிஸ் ஒலிஃபண்ட் 2006இல் முதல் முழுப் பதிப்பாக வெளியிட்ட நம்பை ஆகியவை வழியாக இது இன்று உலகெங்கும் மாணவர் கைக்கு வந்திருக்கிறது. நம்பையில் அணிகளின் வடிவம் முழுக்க ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு பக்கம் ஒரே ஒரு பத்தி இருந்து மறுபக்கம் பல பத்திகள் இருந்தால், அந்த ஒற்றைப் பத்தியை எல்லாவற்றுக்கும் எதிரே பரப்பி வைத்துக் கழித்துவிடும். இந்தப் பரப்பல் விதி மிகப் பயனுள்ளது. அது எங்கே நம்மைக் கவிழ்க்கும் என்பதற்கு மாத்தளையின் ஏடுகளே சான்று.

மாத்தளையிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் பெரும்பாலும் மன்னார்க் கரையில் இறங்கி, வடபாதை எனப்பட்ட வழியில் நடந்தனர். மதவாச்சி, அனுராதபுரம் அல்லது மிகிந்தலைப் பக்கம், தம்புள்ளை, நாலந்தை, பிறகு மாத்தளை. நூறு மைலுக்கு மேற்பட்ட அந்த நடையில் பெரும்பகுதி நீரற்ற காடு. வாந்திபேதியும் பட்டினியும் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொன்றன. கங்காணியின் ஆள்கட்டு மலையேறுவதற்கு முன் வந்து சேர்ந்த முதற் பெரிய ஊர் மாத்தளை. வந்தவர்கள் கும்பிட்ட முத்துமாரியம்மன் கோவில் இன்றும் நகரின் நடுவே நிற்கிறது. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதப் பாதை வந்தது 1880இல்தான். அதுவரை வடக்கிலிருந்து வந்தவர்கள் கால்நடையாகவே இந்த ஊருக்குள் நுழைந்தார்கள். எத்தனை பேர் கடல் கடந்து வந்தார்கள் என்பதைத் துறைமுகத்தில் எண்ணினார்கள். எத்தனை பேர் திரும்பினார்கள் என்பதையும் எண்ணினார்கள். ஆண், பெண், சிறுவர் எனப் பத்திகள், ஆண்டுகள் வரிசைகள். ஆனால் கரைக்கும் மாத்தளைக்கும் இடையே விழுந்தவர்களை எண்ணும் ஏடு அந்தப் பாதையில் இருக்கவில்லை. ஆகவே அவர்களைப் பற்றி எதையேனும் அறிய விரும்பியவருக்கு ஒரே வழிதான் இருந்தது: வந்தவர் அட்டவணையிலிருந்து போனவர் அட்டவணையைக் கழிப்பது.

அதை 1849இல் கொழும்பு ஒப்சேர்வர் பத்திரிகை செய்தது. காலத்தைக் கவனிக்க வேண்டும். அதற்கு முந்திய ஆண்டு, 1848 ஜூலை இறுதியில், தம்புள்ளையில் கொங்காலகொட பண்டா முடிசூடி, புரன் அப்புவின் ஆட்கள் மாத்தளையைக் கைப்பற்றி, டொரிங்டன் ஆளுநரின் படை அந்தக் கிளர்ச்சியை நசுக்கியிருந்தது. ஒப்சேர்வரின் ஆசிரியர் வைத்தியர் கிறிஸ்தோபர் எலியட் புதிய வரிகளை எதிர்த்து எழுத்து வெளியிட்டதற்காக அரசின் வெறுப்புக்கு ஆளானவர். அப்படிப்பட்ட பத்திரிகைதான் 1841 முதல் 1848 வரை வந்த தொழிலாளரில் சுமார் 70,000 பேர், அதாவது நான்கில் ஒரு பங்கினர், இறந்திருக்க வேண்டும் என்று கணக்கிட்டது. நான்கில் ஒரு பங்கு 70,000 என்றால் வந்தவர்கள் ஏறத்தாழ 280,000 என்று ஆகிறது. வந்தவரிலிருந்து திரும்பியவரைக் கழித்து, தோட்டங்களில் இன்னும் இருப்பவர் என்று மதிப்பிட்டவரையும் கழித்து, மற்ற வழிகளில் போயிருக்கக்கூடியவர்களுக்கும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது இந்தத் தொகை. மலையகத்தைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதப்பட்ட எத்தனையோ நூல்கள் இந்த எண்ணைத் திரும்பத் திரும்ப எடுத்தாண்டிருக்கின்றன. உடல்களை எண்ணி வந்த எண் அல்ல இது. இரண்டு ஏடுகளுக்கு நடுவே தோன்றிய இடைவெளி.

இந்தக் கணக்கை அன்றே மறுத்தவர்கள் இருந்தார்கள். பின்னர் ஆய்வாளர் சிலரும் ஐயத்தோடுதான் பார்த்திருக்கிறார்கள். அவர்களுடைய வாதங்கள் வலுவானவை, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டியவை. ஒரே ஆள் மூன்று முறை வந்திருப்பான், மூன்று ஆட்களாக எண்ணப்பட்டிருப்பான் என்பது ஒரு மறுப்பு. இது கேட்பதற்குப் பலமாகத் தோன்றினாலும் கழித்தலின் முன் நிற்காது. மூன்று முறை வந்து மூன்று முறை திரும்பியவன் இரு அட்டவணைகளிலும் மும்மூன்று முறை இருக்கிறான்; கழித்தால் சுழியம். நான்கு முறை வந்து மூன்று முறை மட்டும் திரும்பியவன்தான் மிச்சத்தில் ஒன்றாக நிற்கிறான், அவன் ஒருவனே. ஆக இறப்பின் விகிதத்தை வந்த ‘ஆட்களின்’ மீது சொல்வது பிழையாகலாம், ஏனென்றால் ஏடு எண்ணியது கடல் கடந்த தடவைகளை. ஆனால் மிஞ்சிய தொகை அதனால் கலங்குவதில்லை. நான்கில் ஒரு பங்கு என்ற விகிதத்தை விட 70,000 என்ற தொகைக்குக் கூடுதல் மதிப்புக் கொடுக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். நூல்களில் நடப்பதோ பெரும்பாலும் தலைகீழ்.

அடுத்த மறுப்பு இன்னும் கனமானது. வந்தவர்களை ஓரளவு ஒழுங்காக எண்ணினார்கள், போனவர்களை அப்படி எண்ணவில்லை என்பது. மன்னார்க் கரையில் எங்கிருந்தும் தோணி ஏறிவிடலாம். வேலை முடிந்து கையில் காசோடு ஊர் திரும்புகிறவன் துறைமுக எழுத்தரைத் தேடிப் போக வேண்டியதில்லை. இது உண்மையானால் விடுபட்ட ஒவ்வொருவரும் கழித்தலின் மிச்சத்தில் போய்ச் சேர்கிறார். ஏட்டின் கணக்கில் இறந்தவர் ஆகிறார். கழித்தலின் இயல்பே இது. இரண்டு அட்டவணைகளிலும் உள்ள பிழைகள் எல்லாம் விடையில் வந்து குவியும், விடை சிறியதாக இருக்கும் அளவுக்கு அந்தப் பிழை பெரிதாகத் தெரியும். எண்ணியல் நிரலாளருக்கு இது நன்கு தெரிந்த ஆபத்து. கிட்டத்தட்டச் சமமான இரு பெரிய எண்களைக் கழிக்கும்போது நம்பகமான இலக்கங்கள் பறிபோய்விடும் என்று பாடநூல்கள் எச்சரிக்கின்றன. ஆனால் இங்கே இரு தொகைகளும் கிட்டத்தட்டச் சமமானவை அல்ல. 70,000 என்ற மிச்சம் முழுவதையும் எண்ணப்படாத தோணிகளால் விளக்க வேண்டுமானால், ஆண்டுக்குச் சராசரி 8,000க்கும் மேற்பட்டோர் எட்டு ஆண்டுகள் எழுத்தர் கண்ணில் படாமல் போயிருக்க வேண்டும். அது நடக்கவே முடியாது என்று சொல்ல முடியாது. அப்படி ஒரு பகுதி நடந்திருக்கும். ஆனாலும் வடபாதையில் கிடந்த பிணங்களைப் பற்றி அதிகாரிகளும் பயணிகளும் எழுதியவை கையில் இருக்கும்போது, முழு மிச்சத்தையும் எழுத்துப் பிழையாக்கிவிடுவது நேர்மையான வாசிப்பு ஆகாது. 70,000 என்பதை இறப்பின் எண்ணிக்கை என்றல்ல, கணக்குச் சொல்லப்படாதவர்களின் எண்ணிக்கை என்று படிப்பதே சரி. ஓர் அரசு தன் துறைமுகத்தில் எண்ணி ஏற்றுக்கொண்ட மனிதர்களில் இத்தனை பேருக்குப் பின்னர் கணக்குச் சொல்ல முடியவில்லை என்பதே போதுமான குற்றச்சாட்டு.

இங்கேதான் கட்டத்துக்குக் கட்டம் கழிப்பதன் அருமை தெரிகிறது. எட்டு ஆண்டுகளின் மொத்தத்திலிருந்து எட்டு ஆண்டுகளின் மொத்தத்தைக் கழித்தால் ஓர் எண் கிடைக்கும். ஆண்டு வாரியாக, ஆண், பெண், சிறுவர் வாரியாகக் கழித்தால் ஒரு புதிய அட்டவணையே கிடைக்கும். எந்த ஆண்டில் இடைவெளி விரிந்தது, எந்தப் பத்தியில் விரிந்தது என்று கேட்க முடியும். கோப்பி பறிக்கும் காலம் ஆண்டின் கடைசி மாதங்கள். வந்தவர் பலர் அறுவடைக்கு முன் வந்து, அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் திரும்பினர். ஆகவே ஒரே மனிதனின் வருகை ஒரு வரிசையிலும் திரும்புதல் அடுத்த வரிசையிலும் விழும். வரிசைக்கு வரிசை கழித்தால் ஒவ்வோர் ஆண்டும் பொய்யான மிச்சம் ஒன்று எழுந்து, அடுத்த ஆண்டில் அமுங்கும். அதைத் திருத்தக் கழித்தலின் விடையை ஆண்டுக்கு ஆண்டு சேர்த்துக்கொண்டே போய்ப் பார்க்க வேண்டும். பயிரின் பருவம் தெரியாதவருக்கு இந்தத் தேவையே தோன்றாது. வடபாதையைப் பற்றிய அறிவு, கோப்பிச் செடியைப் பற்றிய அறிவு, கங்காணி ஆள் சேர்க்கும் முறையைப் பற்றிய அறிவு, இவையெல்லாம் கழித்தல் குறிக்கு வெளியே இருப்பவை என்று தோன்றலாம். அவை இல்லாவிட்டால் விடைக்குப் பொருளே இல்லை.

இன்னொரு சிறிய சிக்கலையும் சொல்லிவிட வேண்டும், நிரலாளரே இதில் அடிக்கடி விழுவதால். கோப்பி விலை விழுந்த காலங்களில் வந்தவரை விடப் போனவர் கூடலாம். அப்போது கட்டத்தின் விடை குறை எண். மக்கள் தொகை குறை எண்ணாக இருக்காதே என்று எண்ணி, அட்டவணையைக் குறி இல்லாத 16 பிட் முழு எண்களாகச் சேமித்தவர் 30,000இலிருந்து 32,000ஐக் கழித்தால், குறை 2,000 வராது, 63,536 வரும். அணிகளின் மீது நடக்கும் இந்தச் சுற்றலை நம்பை எச்சரிப்பதும் இல்லை. ஊரை விட்டுப் போன 2,000 பேர், ஏட்டில் புதிதாக வந்த 63,536 பேராகிவிடுகிறார்கள். எண்ணப்படும் பொருள் குறையாக இருக்க முடியாது, ஆனால் இரண்டு எண்ணிக்கைகளின் வேறுபாடு குறையாக இருக்கலாம். இந்த வேறுபாட்டை முன்னரே நினைத்துப் பார்க்காதவர் பிழையைப் பின்னால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

துறைமுக ஏடுகளை விட்டுக் குடிசன மதிப்பீடுகளுக்கு வருவோம். இலங்கையின் முதல் முழுக் குடிசன மதிப்பீடு 1871இல் நடந்தது. பிறகு சில காலம் பத்தாண்டுக்கு ஒரு முறை நடந்துவந்தது. 1901 மதிப்பீட்டை நடத்தியவர் பொன்னம்பலம் அருணாசலம். அதன் இனவாரி அட்டவணையில் தமிழர் என்று ஒரே பத்தி: 951,740 பேர். பத்தாண்டு கழித்து 1911இல் மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக இருந்த டென்ஹாமின் அட்டவணையில் அந்தப் பத்தி இரண்டாகப் பிரிந்துவிட்டது. இலங்கைத் தமிழர் 528,024, இந்தியத் தமிழர் 530,983. இரண்டையும் சேர்த்தால் 1,059,007. முந்திய மதிப்பீட்டிலிருந்து 107,267 கூடுதல். இனி இந்த இரு அட்டவணைகளையும் நம்பையிடம் கொடுத்துக் கழிக்கச் சொன்னால் என்ன நடக்கும்? ஒரு பக்கம் ஒற்றைப் பத்தி, மறுபக்கம் இரண்டு. பரப்பல் விதி ஒற்றைப் பத்தியை இரண்டுக்கும் எதிரே வைக்கும். இலங்கைத் தமிழர் 423,716 பேர் குறைந்தனர், இந்தியத் தமிழர் 420,757 பேர் குறைந்தனர் என்று விடை வரும். எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழர் பத்தாண்டில் மறைந்துபோன ஒரு தீவு திரையில் தெரியும், எந்தப் பிழை அறிவிப்பும் இல்லாமல். நாடு முழுவதற்குமான இந்த எண்களில் பொய் வெளிப்படையாகத் தெரிந்துவிடும். ஆனால் இதே வேலையை மாவட்டம் மாவட்டமாகச் செய்யும்போது, ஏதோ ஒரு வகைத் தமிழரே மிகச் சிலராக உள்ள வரிசைகளில் விடை நம்பக்கூடியதாகவே தோன்றும். தோட்டத் தமிழர், நகரத்து வணிகர், வடக்கிலிருந்து வந்த உத்தியோகத்தர் என எல்லாரும் ஒரே பத்தியில் இருந்த மாத்தளை போன்ற இடத்தில், 1901ஆம் ஆண்டின் எண்ணை 1911ஆம் ஆண்டின் எந்தப் பத்திக்கு எதிரே வைப்பது என்பதைத் தோட்ட மக்கள் தொகை, பிறந்த இடம் பற்றிய வேறு அட்டவணைகளைப் பார்த்துத்தான் தீர்மானிக்க முடியும். அதுவும் மதிப்பீடாகவே இருக்கும்.

இதற்கு நிரலாளர் தரப்பில் ஒரு நியாயமான பதில் உண்டு. இடத்தை வைத்துக் கழிக்காதே, பெயரை வைத்துக் கழி என்பார்கள். 2008இல் வெஸ் மெக்கின்னி தொடங்கிய பாண்டாஸ் என்ற கருவித்தொகுதி அதைத்தான் செய்கிறது. இரு அட்டவணைகளிலும் ஒரே பெயருள்ள வரிசைகளைத் தேடிப் பொருத்தி, துணை இல்லாதவற்றுக்கு விடையை வெறுமையாக விட்டுவிடுகிறது. இது பெரிய முன்னேற்றம் என்பதற்கு மாத்தளையே சான்று. 1971 மதிப்பீட்டில் நாட்டில் 22 மாவட்டங்கள்; 1978இல் கம்பஹாவும் முல்லைத்தீவும் உருவானதால் 1981இல் 24. மாகாண வரிசையில் எழுதினால் 1971இல் கொழும்பு, களுத்துறை, கண்டி, மாத்தளை, நுவரெலியா. 1981இல் கொழும்பு, கம்பஹா, களுத்துறை, கண்டி, மாத்தளை. ஐந்தாம் வரிசை முன்னதில் நுவரெலியா, பின்னதில் மாத்தளை. நீளம் ஒத்துவரவில்லை என்று கணினி மறுத்ததும், அவசரக்காரர் ஒருவர் நீளமான அட்டவணையின் கடைசி இரண்டு வரிசைகளை வெட்டிவிட்டால் கழித்தல் ஓடிவிடும். 1981 மாத்தளையின் 357,354 பேரிலிருந்து 1971 நுவரெலியாவின் சுமார் 450,000 கழிந்து, மாத்தளை 90,000க்கு மேற்பட்ட மக்களை இழந்ததாகத் தெரியும். நான்காம் வரிசையில் கண்டி ஏழு இலட்சத்துக்கு மேல் பெருகியதாகத் தெரியும். உண்மையில் மாத்தளை அந்தப் பத்தாண்டில் சுமார் 42,000 பேர் கூடியது. பெயரை வைத்துப் பொருத்தியிருந்தால் இந்தப் பிழை நேராது. ஆனால் கொழும்பு என்ற பெயரை மட்டும் பாருங்கள்: 1971இன் கொழும்புக்குள் கம்பஹாவும் இருந்தது, 1981இன் கொழும்புக்குள் இல்லை. பெயர் ஒன்று, நிலம் வேறு. பெயர்ப் பொருத்தமும் இங்கே கைவிட்டுவிடுகிறது.

நிலத்துக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்ந்தது. அதற்கு இந்தியத் தமிழர் பத்தியை விட வேறு சான்று தேவையில்லை. 1971இல் 1,174,606 பேர், 1981இல் 818,656. கழித்தால் குறை 355,950. அதே பத்தாண்டில் இலங்கைத் தமிழர் பத்தி 1,423,981இலிருந்து 1,886,872 ஆகி 462,891 கூடியது. இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கழித்தால் தமிழர் மொத்தம் 106,941 கூடினர் என்ற சாதுவான விடை கிடைக்கும். நடந்த எதுவும் அதில் தெரியாது. பத்திகளைத் தனித்தனியே கழிக்கும்போதுதான் வரலாறு வெளியே வருகிறது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டவர்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என்று 1964இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பட்டனர். விடுபட்ட 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டன. அதன்படி தலைமன்னார்க் கப்பலில் அனுப்பப்பட்டவர்கள் இந்தக் குறை எண்ணின் ஒரு பகுதி. மாத்தளைத் தோட்டங்களிலிருந்தும் மக்கள் அந்தக் கப்பலுக்குப் போனார்கள், அவர்களின் பாட்டன்மார் நடந்து வந்த அதே வடக்குத் திசையில். ஆனால் இன்னொரு பகுதி நாட்டை விட்டு எங்கும் போகவில்லை. குடியுரிமை கிடைத்ததும் தங்களை இலங்கைத் தமிழர் என்று எழுத்தரிடம் சொன்னவர்கள் அவர்கள். அவர்களுக்கு அந்த விடையைச் சொல்ல முழு உரிமை இருந்தது, இந்த மண்ணில் பிறந்தவர்கள் அவர்கள். ஆனால் அட்டவணையில் ஒரு பத்தியிலிருந்து மறு பத்திக்கு நகர்ந்தது கழித்தலுக்குத் தெரியாது; ஒன்றில் மரணம் போலவும் மற்றதில் பிறப்புப் போலவும் பதிவாகும்.

எவ்வளவு பேர் நகர்ந்திருக்கலாம் என்று தோராயமாகப் பார்க்கலாம். நாட்டின் மொத்த மக்கள் தொகை அந்தப் பத்தாண்டில் ஏறத்தாழ 17 சதவீதம் கூடியது. இலங்கைத் தமிழரும் அதே வேகத்தில் பெருகியிருந்தால் 1981இல் சுமார் 1,666,000 பேர் இருந்திருப்பார்கள். ஏட்டில் உள்ளது அதை விட ஏறத்தாழ 220,000 கூடுதல். இந்தியத் தமிழரும் அந்த வேகத்தில் பெருகியிருந்தால் சுமார் 1,374,000. ஏட்டில் உள்ளது அதை விட 555,000 குறைவு. ஒரு பக்கத்தின் மிகுதியை மறுபக்கத்தின் குறைக்கு ஈடு செய்தால் 335,000 அளவில் நிற்கும்; பெரும்பாலும் கப்பலேறியவர்களும், போகாதிருந்தால் அவர்களுக்கு இங்கே பிறந்திருக்கக்கூடிய பிள்ளைகளும் என்று கொள்ளலாம். எல்லா இனத்தாரும் ஒரே வேகத்தில் பெருகினர் என்ற ஊகம் சரியல்ல என்று உடனே மறுக்கலாம். மறுப்பு சரிதான். தோட்டங்களில் பிறப்பும் இறப்பும் நாட்டின் சராசரியிலிருந்து விலகியே இருந்தன. ஆகவே இந்த எண்களைக் கடைசி இலக்கம் வரை நம்பக்கூடாது. ஆனால் ஊகத்தை எந்தப் பக்கம் சற்றே அசைத்தாலும், ஒரு பத்தியில் விளக்க முடியாத மிகுதியும் மறு பத்தியில் அதைவிடப் பெரிய குறையும் நிற்கத்தான் செய்யும். இரண்டு கட்டங்களையும் தனித்தனியே கழித்து, விடைகளை அருகருகே வைத்துப் படித்தால் மட்டுமே இது கண்ணில் படும். இந்தக் கணக்கில் வன்செயல்களின் விளைவையும் சேர்க்க வேண்டும். 1977இல் நடந்த தாக்குதல்கள் மாத்தளை உட்பட மலைநாட்டிலிருந்து பலரை வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் விரட்டின. மாத்தளை வரிசையின் குறையும் வவுனியா வரிசையின் மிகுதியும் ஒரே குடும்பங்களாக இருக்கலாம்.

இவ்வளவு சிக்கல் இருந்தால் மொத்தத் தொகைகளோடு நிறுத்திக்கொள்வதே பாதுகாப்பு என்று புள்ளிவிபரம் அறிந்த சிலர் சொல்வார்கள். கட்டங்களில் உள்ள பிழைகள் மொத்தத்தில் ஒன்றையொன்று அழித்துவிடும் என்பது அவர்கள் வாதம். பிழைகள் அழிவது உண்மை. ஆனால் அதே வழியில் மனிதர்களும் அழிந்துவிடுகிறார்கள். 106,941 என்ற கூடுதலில் கப்பலேறிய ஒருவரும் இல்லை, பத்தி மாறிய ஒருவரும் இல்லை. பிழை குறைவான விடை என்பதற்காக, கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லாத விடையைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது, எந்தக் கட்டத்தின் விடையை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்பதை ஒவ்வொன்றின் பக்கத்திலும் எழுதி வைப்பது. 2001 மதிப்பீடு இதற்கு நல்ல பாடம். போரின் காரணமாக அது 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடந்தது. மாத்தளை அவற்றில் ஒன்று, யாழ்ப்பாணம் அல்ல. இன்றைய எல்லைப்படி 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் 738,788 பேர். 2001 அட்டவணையில் அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. வெறுமையை வெறுமையாகவே வைத்திருந்தால் விடையும் வெறுமையாக வரும். நம்பையில் எண் அல்லாதது என்ற ஒரு மதிப்பு இதற்குப் பயன்படும், அதிலிருந்து எதைக் கழித்தாலும் எண் அல்லாததே மிஞ்சும். வெற்றுக் கட்டங்களில் பூச்சியத்தை நிரப்பிவிடும் பழக்கம் உள்ளவர் கையில், யாழ்ப்பாணத்து மக்கள் எல்லாரும் இருபதாண்டில் இல்லாமற் போய்விடுவார்கள். எண்ணப்படாதவரும் இல்லாதவரும் வேறு வேறு.

எஞ்சியிருப்பது மாத்தளை மாவட்டத்தின் உட்பிரிவுகள். காலனி ஏடுகளில் இது மாத்தளை தெற்கு, மாத்தளை வடக்கு, மாத்தளை கிழக்கு என மூன்று வரிசைகள். 2012 மதிப்பீட்டில் 484,531 பேரைக் கொண்ட இதே மாவட்டம் மாத்தளை, உக்குவளை, றத்தோட்டை, யட்டவத்தை, பள்ளேபொல, நாவுல, தம்புள்ளை, கலேவெல, அம்பன்கங்க கோறளை, லக்கல பல்லேகம, வில்கமுவ எனப் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள். பதினொன்றிலிருந்து மூன்றைக் கழிக்கச் சொன்னால் நம்பை உடனே பிழை என்று மறுத்துவிடும். அந்த மறுப்பை வரவேற்க வேண்டும். 1901இன் ஒற்றைப் பத்தியை இரண்டுக்கு எதிரே சத்தமின்றிப் பரப்பியதை விட இது எவ்வளவோ மேல். ஆனால் மாவட்டத்தின் மொத்தத்தோடு நின்றுவிட்டால், தோட்டங்கள் நிறைந்த தெற்கில் நிகழ்ந்த இழப்பும், தம்புள்ளை, வில்கமுவப் பக்கம் நீர்ப்பாசனக் குடியேற்றங்களால் வந்த பெருக்கமும் ஒன்றையொன்று மூடிவிடும். ஆகவே பதினொன்றையும் மூன்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வர வேண்டும். அதற்கு எல்லைகளை ஊர் ஊராகப் பொருத்திப் பார்க்க வேண்டும். லோரி என்பவர் 1896இலும் 1898இலும் இரண்டு தொகுதிகளாக வெளியிட்ட மத்திய மாகாண விபரக்கோவையில் மாத்தளை ஊர்கள் அகரவரிசையில் உள்ளன, ஒவ்வொன்றும் எந்தப் பத்து, எந்தக் கோறளை என்ற குறிப்போடு. அந்த ஊர்ப் பெயர்களை இன்றைய கிராம உத்தியோகத்தர் பிரிவுகளின் பட்டியலோடு ஒன்றன்பின் ஒன்றாக ஒப்பிட்டு, பெயர் மாறியவை, இரண்டானவை, நீர்த்தேக்கத்துக்குள் போனவை எனப் பிரித்துக் குறித்துக்கொண்டால், பழைய மூன்றையும் புதிய பதினொன்றையும் இணைக்கும் ஒரு திறவுப் பட்டியல் கிடைக்கும். தோட்டங்களின் பெயர்கள் அதில் தனியாக வர வேண்டும், ஏனெனில் தமிழில் வழங்கும் தோட்டப் பெயர் ஒன்று, ஏட்டில் உள்ள ஆங்கிலப் பெயர் வேறொன்று. அந்தப் பெயர்ப் பட்டியலை அடுத்த இதழில் எடுத்துக்கொள்வோம்.